பேட்ஜும் ஒரு கன்னடச் சொல்லும்

டாக்ஸி ஓட்ட ஒருவருக்கு பேட்ஜ் கொடுக்கலாமா கூடாதா என்று நான் முடிவு செய்ததே இல்லை. முடிவு செய்தவர் எங்கள் அதிகாரி. கையெழுத்து அவருடையது, சிவப்பு மை அவருடையது. நான் வெறும் குமாஸ்தா. முப்பது வருடமாக இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் படித்தது நான் எழுதிய சீட்டை மட்டும்தான் என்பதை மாத்திரம் வசதியாக விட்டுவிடுவேன்.

அது ஐம்பதுகளின் கடைசி. பெங்களூரில் டாக்ஸி என்பது இன்னும் பெரிய மனிதர்கள் ஏறும் வண்டியாகவே இருந்தது. அதை ஓட்டுகிறவர் சட்டையில் பித்தளை பேட்ஜ் குத்தியிருக்க வேண்டும். பேட்ஜ் இல்லாமல் டாக்ஸியில் உட்கார்ந்தால் குற்றம். எங்கள் போக்குவரத்து அலுவலகத்தில் அந்த பேட்ஜுக்கு வரும் மனுக்களை இரண்டாகப் பிரித்து வைப்போம். பழைய கேஸ் எதுவும் இல்லாதவர்கள் ஒரு பக்கம். வண்டி ஓட்டி எங்கேயாவது கோர்ட்டு ஏறித் தண்டனை வாங்கியவர்கள் இன்னொரு பக்கம். இரண்டாவது அலமாரி என் பொறுப்பு.

அந்த அலமாரியில் இருந்தவர்கள் எல்லாரும் கொலைகாரர்கள் இல்லை. விளக்கில்லாமல் ஓட்டியவர், லாரியில் அளவுக்கு மேல் ஆள் ஏற்றியவர், மாட்டு வண்டியில் இடித்தவர், போலீஸ்காரரை முறைத்ததற்காக வேகமாக ஓட்டினார் என்று எழுதப்பட்டவர். எங்கள் அதிகாரி இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். அவர் மைசூர்ப் பக்கத்துக்காரர், ராணுவத்தில் இருந்து வந்தவர், மேஜை மேல் தூசு இருந்தால் அன்றைக்கு யாருக்கும் நல்ல நாள் இல்லை. ஆனால் அநியாயக்காரர் இல்லை. தப்பே செய்யாதவனுக்கு மட்டும்தான் ரோட்டை விடுவோம் என்றால் ரோடு காலியாகத்தான் இருக்கும் என்பார். இரண்டு வருடம் சும்மா இருந்திருக்கிறானா, கொடு என்பார். ஒன்றே ஒன்றை மட்டும் மன்னிக்க மாட்டார். ஆளை அடித்துப் போட்டுவிட்டு ஓடியவனுக்கு அவர் உயிரோடு இருக்கும் வரை பேட்ஜ் கிடையாது. அது சரியான விதி என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

சிக்கல் விதியில் இல்லை, சீட்டில் இருந்தது. போலீஸ் அறிக்கை கன்னடத்தில் வரும். எங்கள் ஆபீஸ் ஃபைல் இங்கிலீஷில் ஓடும். நடுவில் நான். அறிக்கையைப் படித்து, அரை ஃபுல்ஸ்கேப் தாளில் நாலு வரியில் சாரத்தை இங்கிலீஷில் டைப் அடித்து, ஃபைல் தலையில் குண்டூசியால் குத்த வேண்டும். அதற்கு ஜிஸ்ட் என்று பெயர். புதன்கிழமை விசாரணை. ஒரு காலையில் முப்பது பேர் வராந்தாவில் நிற்பார்கள். அதிகாரி ஜிஸ்ட்டைப் பார்ப்பார், ஆளைப் பார்ப்பார், சிவப்பு மையில் ஒரு எழுத்து போடுவார். அதற்குக் கீழே இருக்கும் காகிதத்தைப் புரட்ட அவருக்கு நேரம் ஏது?

நான் ஸ்ரீராம்புரத்தில் பிறந்து வளர்ந்தவன். தெருவில் பேசும் கன்னடம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடத்தில். கன்னட எழுத்தை வேலைக்கு வந்த பிறகுதான், சினிமா போஸ்டரையும் பஸ் பலகையையும் பார்த்துப் பார்த்துக் கூட்டிக் கற்றுக்கொண்டேன். டைப் வேகமாக அடிப்பேன் என்பதால் வேலைக்கு எடுத்திருந்தார்கள். தற்காலிக வேலை. கன்னடப் பரீட்சை எழுதித் தேறினால்தான் நிரந்தரம். ஆபீஸில் ஒன்றிரண்டு பேர் ஜாடையாகப் பேசுவதும் உண்டு. கொங்கனுக்கு கன்னடம் எங்கே வரும் என்பார்கள். கொங்கன் என்றால் அங்கே தமிழன், அதுவும் கொஞ்சம் இளக்காரமாக. நான் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வேன், உள்ளே எரியும்.

அந்த டிரைவர் மர்பி டவுன்காரர். நாற்பதை நெருங்கும் வயது, யுத்த காலத்தில் ராணுவ லாரி ஓட்டியவர், பிறகு ஒரு சோடா கம்பெனியில் வேன் ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போட்டுக்கொள்ளும் வெள்ளைச் சட்டையையே விசாரணைக்கும் போட்டு வந்திருந்தார். கன்டோன்மென்ட்டில் ஒருவர் புது டாக்ஸி வாங்கி, பேட்ஜ் வந்ததும் நீதான் ஓட்டுகிறாய் என்று சொல்லியிருந்தாராம். அதை நம்பி சோடா கம்பெனி வேலையை விட்டுவிட்டார். வீட்டில் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும். இதெல்லாம் மனுவிலேயே இருந்தது. யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

அவருக்கு ஒரு பழைய கேஸ். மூன்று வருடம் முன்னால், ஓசூர் ரோட்டில் சந்தாபுரா தாண்டி, ஒரு சைக்கிள்காரர் மேல் சோடா வேன் இடித்து அவருக்குக் கால் முறிந்தது. கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியிருந்தார்.

அந்த போலீஸ் அறிக்கை மூன்றாவது கார்பன் நகல். மடிப்பில் ஒரு வார்த்தை அழிந்தே போயிருந்தது. அடுத்த வார்த்தையை நான் கூட்டிப் படித்தேன். 'தப்பிசி ஹோகி'. அதற்குப் பிறகு சைக்கிள், டிக்கி, அதாவது மோதல், கால் முறிவு. ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. தப்பிச்சுப் போய். ஆள் அடித்துவிட்டுத் தப்பித்துப் போயிருக்கிறான். 'மோதிய பின் ஓடிவிட்டார்' என்று பொருள் வரும்படி இங்கிலீஷில் ஒரு நல்ல வரியாக டைப் அடித்தேன். அப்ஸ்காண்டட் என்ற வார்த்தையைப் போட்டேன். அது எனக்குப் பிடித்த வார்த்தை, கொஞ்சம் கோர்ட்டு வாசனை அடிக்கும். குண்டூசியைக் குத்தி அடுத்த ஃபைலை எடுத்தேன்.

புதன்கிழமை அவர் உள்ளே வந்து, கும்பிட்டுவிட்டு நின்றார். அதிகாரி சீட்டைப் படித்ததும் முகம் மாறியது.

"ஓடி ஹோதியா?"

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பதறிப்போனார். "இல்ல சார். நான் எங்க சார் ஓடினேன்? எருமை குறுக்க வந்துச்சு, வண்டிய ஒடிச்சேன், சைக்கிள்காரர் மேல பட்டுடுச்சு. நானே அவரத் தூக்கினு போய் வேன்ல போட்டு ஆஸ்பத்திரில சேத்தேன் சார். சோடா பாட்டில் பூரா ரோட்ல எறக்கி வெச்சுட்டுப் போனேன்."

"எல்லாரும் இதேதான் சொல்றான்," என்றார் அதிகாரி, தன் கன்னடத் தமிழில். "பேப்பர் இருக்கா?"

"ஆஸ்பத்திரில சேத்ததுக்கு யாரு சார் பேப்பர் குடுப்பாங்க?"

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். அறையில் தமிழன் நான் ஒருவன்தான் என்று எப்படியோ கண்டுகொண்டிருந்தார். "சார், நீங்களாவது அந்தக் காயிதத்தப் படிச்சு சொல்லுங்க சார். அதுல நான் ஓடினேன்னா போட்டிருக்கு?"

ஃபைல் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்து இன்னொரு முறை படித்திருக்கலாம். வெளியே இன்னும் இருபது பேர் நின்றார்கள், அதிகாரி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார், தமிழனுக்குத் தமிழன் பரிந்து பேசுகிறான் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம் வேறு. நான் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"பேப்பர்ல அப்படித்தான் இருக்கு."

சிவப்பு மை விழுந்தது. அவர் அதற்கு மேல் வாதாடவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் இந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் போதும், வாயடைத்துப் போவார்கள். காகிதம் தனக்குத் தெரியாத எதையோ தெரிந்து வைத்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அவரும் அப்படித்தான், ஒருவேளை ஓடியிருப்போமோ என்பதுபோல விழித்துக்கொண்டு வெளியே போனார்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் எங்கள் தெருக் குழாயடியில் பக்கத்து வீட்டு அம்மாள் தன் வீட்டுக்காரர் கையில் ஏன் கட்டு என்று என் மனைவிக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். சைக்கிளில் போனாராம். "நாயி தப்பிசலு ஹோகி பித்துபிட்ரு," என்றாள். நாய் மேல் ஏற்றாமல் ஒதுக்கப் போய் விழுந்துவிட்டாராம். நான் வேப்பங்குச்சியை வாயில் வைத்தபடி வாசலில் நின்றிருந்தேன். குச்சியை எடுத்துவிட்டு, அந்தச் சொல்லை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

கன்னடத்தில் தப்பிசு என்றால் மோதாமல் ஒதுக்குவது, தவிர்ப்பது. நானே தினமும் பத்து தடவை சொல்லும் சொல். ரோட்டைத் தாண்டும்போது, சந்தையில் கூட்டத்துக்குள் நுழையும்போது, யோசிக்காமல் வாயில் வரும். ஓடிப்போவது என்றால் தப்பிசிகொண்டு என்று இன்னும் ஒரு வால் சேரும். வாயால் பேசியிருந்தால் எனக்கு ஒரு நாளும் இந்தக் குழப்பம் வந்திருக்காது. எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்ததால், அர்த்தம் தமிழில் இருந்து வந்துவிட்டது. கன்னடமே தெரியாதவனாக இருந்தால் யாரையாவது கேட்டிருப்பான். நன்றாகத் தெரிந்தவன் சரியாகப் படித்திருப்பான். என்னைப்போல அரைகுறையாக இருந்தால்தான் இப்படி ஒரு ஆளின் பிழைப்பில் மண்ணைப் போட முடியும்.

அன்றைக்கு ஆபீசுக்கு முதல் ஆளாகப் போனேன். அந்த ஃபைலை எடுத்து, கார்பன் நகலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். மடிப்பில் அழிந்திருந்த வார்த்தை மெல்லத் தெரிந்தது. எம்மெ. எருமை. நான் 'சி' என்று படித்த இடத்தில் 'சலு' என்றுதான் இருந்தது. எருமையைத் தவிர்க்கப் போய் சைக்கிளில் மோதினார். அவ்வளவுதான். அவர் சொன்னது வரிக்கு வரி உண்மை. அவர் ஓடியிருந்தால் அதற்குத் தனிச் செக்ஷன் போட்டிருப்பார்கள், அதுவும் அந்தத் தாளில் இல்லை. ஒழுங்கான குமாஸ்தா முதலில் அதைத்தான் பார்ப்பான்.

திருத்துவது கஷ்டமில்லை. என் ஜிஸ்ட் தவறு, போலீஸ் அறிக்கையைத் தவறாகப் படித்துவிட்டேன் என்று ஒரு குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்ப வேண்டும். டைப் அடித்தும் விட்டேன். மூன்று வரி. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். கன்னடப் பரீட்சை அப்போதுதான் முடிந்திருந்தது, நிரந்தர உத்தரவு மூன்று மாதத்தில் வரும் என்று சொல்லியிருந்தார்கள். கன்னட அறிக்கையைத் தவறாகப் படித்தேன் என்று அந்த நேரத்தில் நானே எழுதிக் கொடுத்தால்? கொங்கனுக்குக் கன்னடம் எங்கே வரும் என்று சொன்னவர்களுக்கு வெல்லம் கிடைத்த மாதிரி. நான் பயந்தேன். வேறு அலங்காரமான வார்த்தை எதுவும் அதற்கு வேண்டாம்.

மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் சோறு போட்டுக்கொண்டிருந்தவள், கரண்டியை அப்படியே நிறுத்தினாள். "நாளைக்கே போய்ச் சொல்லிடுங்க. அந்தாளுக்கும் பொண்ணுங்க இருக்கு." சொல்கிறேன் என்றேன்.

சில நாள் கழித்து அவரே வந்தார். வெள்ளைச் சட்டை இல்லை. மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறாராம், தோளில் சாக்கு நார் ஒட்டியிருந்தது. மறுபடி மனுப் போடலாமா என்று கேட்டார். டாக்ஸி முதலாளி வேறு ஆளைப் போட்டுவிட்டாராம், ஆனாலும் பேட்ஜ் வந்தால் வா என்கிறாராம். அந்த நிமிஷம் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் தப்புங்க, நீங்க ஓடலை, பேப்பர்லயும் ஓடினதா இல்லை. நாக்கு நுனி வரை வந்ததை மென்று முழுங்கினேன்.

"மூணு மாசம் பொறுங்க," என்றேன். "அப்புறம் ஒரு மனு போடுங்க. நான் பாத்துக்கறேன்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நம்ம ஆளு ஒருத்தர் இங்க இருக்கறதே போதும் சார். ஆண்டவர் உங்க குடும்பத்த நல்லா வெப்பார்." அந்தக் கையின் சொரசொரப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. எனக்கு எரிச்சலாக வந்தது. அவர் மேல் எரிச்சல். இவ்வளவு நல்லவராக வந்து நிற்க வேண்டாமே என்று.

மூன்று மாதம் கழித்து என் நிரந்தர உத்தரவு வந்தது. ஆபீஸில் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தேன். பரீட்சையில் நல்ல மார்க். வீட்டில் மனைவி முதலில் கேட்டது, "சொல்லிட்டீங்களா?" என்பதுதான். இந்த வாரம் என்றேன். புது உத்தரவின் மை காய்வதற்குள் போய்த் தவறை ஒப்புக்கொள்வது நன்றாக இருக்காது என்று தோன்றியது. அடுத்த வாரம் அதிகாரிக்கு மனநிலை சரியில்லை. இப்படி உத்தரவு வந்த பிறகும் பதினோரு நாள் போய்விட்டது. மூன்று மாதத்துக்காவது ஒரு காரணம் சொல்லலாம். அந்தப் பதினோரு நாளுக்கு என்னிடம் ஒரு காரணமும் இல்லை. அந்தக் குறிப்பு சட்டைப்பையில் இருந்து சட்டைப்பைக்கு மாறி மாறி, மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்தது.

பன்னிரண்டாம் நாள் காலைத் தபாலில் ஒரு போலீஸ் அறிக்கை வந்தது. கார்பன் நகல் இல்லை. மூலம். நல்ல கருப்பு மை, முத்து முத்தான எழுத்து, ஒரு பள்ளிக்கூடப் பையன்கூடத் தடுமாற மாட்டான்.

அந்த டாக்ஸி முதலாளியின் புது டிரைவர் ஒரு நாள் காய்ச்சலில் படுத்திருக்கிறான். ரயிலுக்குப் போகும் சவாரி. மூன்று மாதம் பொறுங்கள் என்று நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு போனவர், காய்ச்சல்காரனின் பேட்ஜை வாங்கித் தன் சட்டையில் குத்திக்கொண்டு வண்டியை எடுத்திருக்கிறார். சவாரியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, மார்கழி மாதத்துப் பனியில், தெரு பெருக்கிக்கொண்டிருந்த முனிசிபாலிட்டி அம்மாள் ஒருவர் மேல் கார் இடித்தது. அவர் இறங்கிப் பார்த்திருக்கிறார். டீக்கடைக்காரர் ஒருவர் அதைக் கண்டிருக்கிறார். குனிந்து அந்த அம்மாளின் தோளைத் தொட்டார், பிறகு தன் சட்டையில் இருந்த பேட்ஜைக் கையால் மூடிக்கொண்டார், பிறகு ஓடினார். கார் அங்கேயே நின்றது. அந்த அம்மாள் அரை மணி நேரம் விளக்குமாற்றுப் பக்கத்தில் கிடந்தார். சீக்கிரம் கொண்டு வந்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்று டாக்டர் எழுதியிருந்தார்.

சைக்கிள்காரரைத் தூக்கிக்கொண்டு, சோடா பாட்டில்களை எல்லாம் ரோட்டில் இறக்கி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன அதே மனிதர். அன்றைக்கு அவரிடம் மறைக்க எதுவும் இல்லை. இன்றைக்குச் சட்டையில் வேறொருவனின் பேட்ஜ். அவருக்கென்று ஒரு பேட்ஜ் இருந்திருந்தால் அந்த அம்மாளையும் தூக்கிக்கொண்டுதான் போயிருப்பார். இதை நான் ஆயிரம் தடவை புரட்டிப் பார்த்துவிட்டேன். ஒருவேளை அப்படி இல்லையோ, பயந்தால் யாரும் ஓடுவார்களோ என்று என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்ததும் உண்டு. தேறவில்லை. செய்யாத ஒன்றை அவர் பேரில் நான் முதலில் எழுதினேன். அதை அவர் பிறகு செய்தார்.

மறுநாள் அவரை மர்பி டவுன் வீட்டில் பிடித்துவிட்டார்கள். ஒளியக்கூடப் போகவில்லையாம்.

அதிகாரி என்னைக் கூப்பிட்டார். அறிக்கையை என் கையில் கொடுத்து, படி என்றார். நின்றுகொண்டே படித்தேன். "காரு அல்லே பிட்டு ஓடி ஹோத." காரை அங்கேயே விட்டுவிட்டு ஓடிப்போனான். ஒரு எழுத்துகூடத் தடுக்கவில்லை. அவர் பழைய ஃபைலை எடுத்து, தலையில் துருப்பிடித்த குண்டூசியோடு இருந்த என் சீட்டை விரலால் தட்டினார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை, அதைச் சொல்ல வேண்டும். ஒரு உயிர் போனதற்காக வருத்தப்படுகிற முகம்தான்.

"நீ அவத்தே பரெதித்யல்லா," என்றார். நீ அன்றைக்கே எழுதினாயே என்று. "பேட்ஜ் கொடுத்திருந்தா இன்னைக்கு நம்ம கை மேலதானே ரத்தம்?"

சட்டைப்பையில் அந்தத் தாள் இருந்தது. மூன்று வரி. கையை உயர்த்திப் பைக்குள் விட்டால் போதும். அந்த அம்மாளுக்கு இனி எதுவும் ஆகப்போவதில்லை, ஆனால் கோர்ட்டில் அந்த டிரைவர் வழக்கமாக ஓடுகிறவர் இல்லை என்றாவது ஒரு காகிதம் சொல்லியிருக்கும். பின்னால் அரசுத் தரப்பு எங்கள் ஃபைலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனபோது அதில் என் பழைய சீட்டு மட்டும்தான் இருந்தது. ஏற்கெனவே ஒரு முறை ஓடியவர் என்று அதைக் காட்டித் தண்டனையைக் கூட்டிக் கேட்டார்கள், கிடைத்தது.

அதிகாரி பதிலுக்குக் காத்திருந்தார். நான் எனக்குத் தெரிந்த நல்ல கன்னடத்தில் சொன்னேன்.

"பேப்பரல்லி ஹாகே இத்து சார்." பேப்பர்ல அப்படித்தான் இருந்தது சார்.

அவர் தலையசைத்தார். அந்த வருடம் என் சர்வீஸ் புத்தகத்தில், கன்னடக் காகிதங்களைப் பிழையில்லாமல் படிப்பவர் என்று தன் கையாலேயே ஒரு வரி எழுதி வைத்தார். அதிகாரியிடம் அப்படிச் சொன்ன அன்று மாலை வீட்டில் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்கவில்லை. நான் ஓய்வு பெறும் நாள் வரை அந்த வரி அங்கேயே இருந்தது, அதைத் திருத்தச் சொல்லி நான் யாரிடமும் போகவில்லை.